மட்டாஞ்சேரியும் மேம்பாட்டுத் தீர்வையும்

சாலை, வடிகால் போன்ற பணிகளால் சில மனைகளின் மதிப்பு தனியே உயருமாயின், செலவில் ஒரு பங்கை அம்மனைகளிடம் பெறுவதே மேம்பாட்டுத் தீர்வை. 1915-ஆம் ஆண்டின் பம்பாய் நகரமைப்புச் சட்டம் மதிப்பு உயர்வில் பாதிவரை பெற இடமளித்தது. அரசியலமைப்பின் 265-ஆவது பிரிவின்படி, சட்டத்தின் அதிகாரமின்றி எவ்வரியும் விதிக்கலாகாது. எனவே மாநகராட்சி மன்றத்தின் தீர்மானம் மட்டும் இதற்குப் போதாது.

எர்ணாகுளம், ஃபோர்ட் கொச்சி நகராட்சிகளோடு மட்டாஞ்சேரியும் 1967 நவம்பர் 1 அன்று கொச்சி மாநகராட்சியில் இணைந்தது. இங்கு விதி வரைவது எளிதன்று. பஜார் சாலை சீரானால் அங்குள்ள பண்டகசாலைகளின் மதிப்பு உயரும், அவ்வுயர்வு உரிமையாளருடையது. விதி வாய்மூடியிருந்தால் தீர்வையோ வாடகைதாரர் தலையில் விழும். ஆகவே, செலுத்த வேண்டியவர் உரிமையாளரே என்பதை விதியிலேயே எழுதிவிட வேண்டும். தவணை வசதியும் தேவை.

கல்வத்திக் கால்வாயின் நிலை வேறு. அதைத் தூர்வாரினால் வெள்ளம் வடிவது கரையோர வீடுகளுக்கு மட்டுமன்று. அச்செலவைக் கரையில் வாழும் எளியோர்மீது சுமத்துவது முறையாகாது. பொதுநிதியே ஏற்க வேண்டும். எனவே பயன்பெறும் பகுதியை வரைபடத்தில் குறித்து, ஆட்சேபங்களைக் கேட்டு முடித்த பின்னரே பணி தொடங்க வேண்டும். பணி முடிந்தபின் எல்லை வகுத்தால் வழக்குகளே மிஞ்சும்.