அஞ்சல் வழியில் செவிலியர் ஆகலாமா?

கேள்வி: பிளஸ் டூ முடித்து அம்பத்தூர் தொழிற்பேட்டையில் வேலை பார்க்கிறேன். வேலையை விடாமல், ஆன்லைனிலோ அஞ்சல் வழியிலோ நர்ஸிங் படிக்க வழியுண்டா? (வாசகி, ஆவடி)

பதில்: இல்லை, அம்மா. நாடியைத் தொட்டுணர்ந்தும், ஊசி செலுத்தும் கோணத்தைக் கைக்குப் பழக்கியும், இரவுப் பணியில் வார்டில் விழித்திருந்தும் பிரத்தியட்சமாக அப்பியசிக்க வேண்டிய இவ்வித்தையை, மூன்றாண்டு டிப்ளமோவாயினும் நான்காண்டு பி.எஸ்ஸி.யாயினும், இந்திய நர்ஸிங் கவுன்சில் அங்கீகரித்த நிறுவனத்தில் நேரில் பயின்றாலன்றி, நர்ஸாகப் பதிவு பெற இயலாது. ஆதலின் வீட்டிலிருந்தே நர்ஸாக்குவோம் என்று எவர் விளம்பரம் செய்யினும் தயவுசெய்து பணம் கட்டிவிடாதீர்கள்; உங்கள் சொற்பச் சேமிப்பு வீணாகலாகாது. இந்திரா காந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தின் தொலைநிலை பி.எஸ்ஸி., டிப்ளமோ முடித்துப் பதிவும் அனுபவமும் பெற்ற நர்ஸுகளுக்கே உரியது. நேரில் பயிலும் நான்காண்டு பி.எஸ்ஸி.க்குப் பிளஸ் டூவில் உயிரியல் அவசியம். டிப்ளமோவுக்கோ, கவுன்சில் விதிப்படி, கலைப்பிரிவினரும் தகுதியுடையோரே. அரசு இடங்களுக்கு விண்ணப்பிப்பதை மட்டும் ஆன்லைனில் செய்யலாம்.