காவல் காப்பவரின் நலம்

பொழுது புலரும் முன்பே கிள்ளானில் கொமுட்டர் இரயிலேறும் தொழிலாளர்கள் பலர் கேஎல் சென்ட்ரலில் இறங்குகின்றனர். பிரிக்பீல்ட்ஸ் பகுதியில் வாழ்வோரும் அங்கு வந்து சேர்கின்றனர். அங்கிருந்து கிளானா ஜெயா தடத்தில் நான்காவது நிலையம் ‘யுனிவர்சிட்டி’. மலாயாப் பல்கலைக்கழகத்திற்குச் செல்வோர் அங்கு இறங்குவர். அவர்களுள் மாணவர்கள் மட்டும் இல்லை. விரிவுரையாளர், எழுத்தர், நூலகர், ஆய்வுக்கூட உதவியாளர், துப்புரவுப் பணியாளர், பாதுகாவலர் எனப் பலரும் இருக்கின்றனர்.

1949ஆம் ஆண்டு சிங்கப்பூரில் தோன்றி, 1962ஆம் ஆண்டு கோலாலம்பூரில் தனிப் பல்கலைக்கழகமாக நிலைபெற்ற மலாயாப் பல்கலைக்கழகம் இன்று ஒரு சிறிய நகரத்தைப் போன்றது. இத்தகைய உயர்கல்விக்கூடங்களில் மாணவர் நலனைப் பற்றி அதிகம் பேசுகிறோம். அம்மாணவர்கள் கற்பதற்கு வழிசெய்யும் ஊழியர்களின் நலனை யார் கவனிப்பது?

இக்கேள்வி ஏன் முக்கியமானது என்பதை நம் நாட்டின் நிலைமை உணர்த்துகிறது. சுகாதார அமைச்சு 2019ஆம் ஆண்டு மேற்கொண்ட தேசியச் சுகாதார ஆய்வின்படி, பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு நீரிழிவு இருந்தது. அவர்களில் ஏறத்தாழப் பாதிப் பேர் தங்களுக்கு அந்நோய் இருப்பதையே அறிந்திருக்கவில்லை. இந்தியர்களிடையே இவ்விகிதம் 31.4 விழுக்காடாக இருந்தது. மேலும், 2023ஆம் ஆண்டின் ஆய்வில் பெரியவர்களில் 54.4 விழுக்காட்டினர் அதிக உடல் எடையோ உடற்பருமனோ கொண்டிருந்தனர். நீரிழிவு, உயர் இரத்த அழுத்தம், இரத்தத்தில் மிகுந்த கொழுப்பு ஆகிய மூன்றும் தொடக்கத்தில் வலி தருவதில்லை. வலி இல்லாததால் மருத்துவரைப் பலர் நாடுவதில்லை. மாரடைப்போ பக்கவாதமோ வந்த பிறகுதான் உண்மை தெரியவருகிறது.

இந்நோய்களுக்கு உணவுப் பழக்கமும் மரபும் மட்டுமே காரணங்கள் அல்ல. செய்யும் வேலையும் ஒரு காரணமாகும். 1953ஆம் ஆண்டு இலண்டனில் ஜெரி மோரிஸ் என்னும் மருத்துவரும் அவர்தம் குழுவினரும் வெளியிட்ட ஆய்வு இதனை எடுத்துக்காட்டியது. அந்நகரின் இரண்டடுக்குப் பேருந்துகளில் ஓட்டுநர் நாள் முழுவதும் அமர்ந்திருந்தார். நடத்துநரோ பயணச்சீட்டு வழங்குவதற்காக ஓயாமல் படி ஏறி இறங்கினார். இருவரும் ஒரே பேருந்தில் பணியாற்றினாலும், நடத்துநர்களைவிட ஓட்டுநர்களுக்கே இதயநோய் அதிகமாக வந்தது. அலுவலக நாற்காலியில் எட்டு மணி நேரம் அமர்ந்திருப்பவரின் நிலையும் அந்த ஓட்டுநரின் நிலையைப் போன்றதுதான்.

பல்கலைக்கழகத்தின் வாயிலில் நிற்கும் பாதுகாவலரின் நிலை இன்னும் கடினமானது. அவருக்கு ஒரு வாரம் பகல் வேலை. மறுவாரம் இரவு வேலை. ஊர் உறங்கும்போது அவர் விழித்திருக்கிறார். நள்ளிரவில் பசித்தால், திறந்திருக்கும் கடையில் கிடைப்பது ரொட்டி சானாயும் இனிப்பு மிகுந்த தே தாரிக்கும்தான். தூக்கத்தை விரட்டச் சிலர் சிகரெட்டை நாடுகின்றனர். காலையில் உடற்பயிற்சி வகுப்பு நடைபெறும்போது அவர் வீட்டில் உறங்கிக்கொண்டிருப்பார். ‘அனைவரும் வருக’ என அறிவித்து நடத்தப்படும் பல நிகழ்ச்சிகள் இவ்வாறுதான் சிலரை எட்டாமலே போகின்றன.

இவர்களையே முன்னிறுத்திய ஆய்வு ஒன்று நம் தலைநகரில் நடந்துள்ளது. மோய் ஃபூங் மிங்கும் அவருடன் சேர்ந்த ஆய்வாளர்களும் கோலாலம்பூரிலுள்ள பொதுப் பல்கலைக்கழகம் ஒன்றின் மலாய் ஆண் பாதுகாவலர்களிடையே அதனை மேற்கொண்டனர். அதன் முடிவுகள் 2006ஆம் ஆண்டு வெளிவந்தன. பல்கலைக்கழக வளாகத்தில் பணியாற்றிய 102 பாதுகாவலர்களுக்கு உணவு, உடலியக்கம், புகைப்பழக்கத்தைக் கைவிடுதல் ஆகியவை குறித்துத் தனியாகவும் குழுவாகவும் தீவிர ஆலோசனை வழங்கப்பட்டது. அப்பல்கலைக்கழக மருத்துவமனையில் பணியாற்றிய 84 பாதுகாவலர்களுக்கு அதே செய்திகள் அஞ்சல்வழிக் குறிப்புகளாகவும் எளிய குழு விளக்கமாகவும் மட்டுமே சென்றடைந்தன.

முடிவு என்ன? தீவிர ஆலோசனை பெற்ற குழுவினரின் இரத்தக் கொழுப்பின் சராசரி அளவு, மற்றக் குழுவினருடன் ஒப்பிடுகையில் லிட்டருக்கு 0.38 மில்லிமோல் குறைந்தது. புகைக்கும் சிகரெட்டுகளின் எண்ணிக்கையையும் குறைத்துக்கொண்டதாக அவர்கள் கூறினர்.

இரு குழுவினருக்கும் கிடைத்த செய்தி ஒன்றுதான். அது சென்றடைந்த முறையே வேறு. சர்க்கரை கெடுதி என்பது பெரும்பாலோருக்குத் தெரியும். ஆனால், இரவுப் பணியின்போது எதை உண்பது, எப்போது நடப்பது என்பதைத் துண்டறிக்கையிடம் கேட்க முடியாது. எதிரே அமர்ந்து, அவரது பணிநேரத்தை அறிந்து, மறுமுறை வந்து விசாரிக்கும் ஒருவரிடம்தான் கேட்க முடியும்.

எனவே, ஊழியர் நலத்திட்டம் என்பது ஆண்டுக்கு ஒருமுறை சட்டை வழங்கி நடத்தும் நெடுநடையோடு முடிந்துவிடக் கூடாது. முதலாவதாக, மருத்துவப் பரிசோதனை பணியிடத்திற்கே வர வேண்டும். இரவுப் பணியாளர்களுக்கும் உகந்த நேரத்தில் அது நடைபெற வேண்டும். இரண்டாவதாக, பரிசோதனை முடிவுகள் இரகசியமாகக் காக்கப்பட வேண்டும். நோய் தெரிந்தால் வேலைக்கு ஆபத்து வருமோ என்று அஞ்சுபவர் பரிசோதனைக்கு வரமாட்டார். மூன்றாவதாக, சிற்றுண்டிச்சாலையின் உணவு மாற வேண்டும். சுகாதார அமைச்சு பரிந்துரைக்கும் ‘கால்-கால்-அரை’ முறைப்படி, தட்டில் கால் பங்கு சோறு, கால் பங்கு மீன், கோழி அல்லது பருப்பு, அரைப் பங்கு காய்கறியும் பழமும் இருத்தல் நலம். நான்காவதாக, வாரத்திற்குக் குறைந்தது 150 நிமிட மிதமான உடலியக்கம் தேவை என உலகச் சுகாதார நிறுவனம் கூறுகிறது. நிழல்தரும் நடைபாதையும் பணிக்கிடையே சிறு ஓய்வும் இருந்தால் இஃது எளிதாகும். மன உளைச்சலுக்கு ஆளானோர் தயக்கமின்றிப் பேசுவதற்கு ஆலோசகர் ஒருவரும் வேண்டும்.

“உடம்பைப் பேணுவது அவரவர் பொறுப்பு, அதற்கு நிறுவனம் ஏன் செலவிட வேண்டும்?” என்று சிலர் கேட்கலாம். தனிமனிதப் பொறுப்பை யாரும் மறுப்பதற்கில்லை. ஆயினும், ஒருவரின் பணிநேரத்தையும் இருக்கையையும் சிற்றுண்டிச்சாலையையும் முடிவுசெய்வது நிறுவனமே. நம் நாட்டின் 1994ஆம் ஆண்டு வேலையிடப் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டமும் ஊழியரின் பாதுகாப்பு, உடல்நலம், நல்வாழ்வு ஆகியவற்றை முதலாளியின் கடமையாக வகுத்துள்ளது. 2015ஆம் ஆண்டு கனடாவில் உருவான ஒக்கனாகன் சாசனம், பல்கலைக்கழகங்கள் தங்கள் அன்றாடச் செயல்பாடுகள் அனைத்திலும் உடல்நலனை இணைக்க வேண்டும் என வலியுறுத்துகிறது.

சுவர் இருந்தால்தான் சித்திரம் எழுத முடியும் என்பர் நம் முன்னோர். கல்வி என்னும் சித்திரத்திற்கு ஊழியர்களும் சுவரே. நாளை பள்ளி வாயிலில் உங்களுக்கு வணக்கம் கூறும் பாதுகாவலரைச் சற்று நின்று பாருங்கள். அவர் இரவு உணவு உண்டாரா, கடைசியாக எப்போது இரத்த அழுத்தம் பார்த்துக்கொண்டார் என்று அன்போடு கேளுங்கள். நம்மைக் காப்பவரின் நலனில் நமக்கும் பங்குண்டு.