சித்திரக்கதையின் கடைசிக் கட்டம்

தொல்காப்பியர் கூறும் எண்வகை மெய்ப்பாடுகளுள் அச்சமும் மருட்கையும் தனித்தனியே இடம்பெறுகின்றன. இவற்றைக் காப்பியங்களில் தேடும் நாம், சிறுவர் கையில் தவழும் சித்திரக்கதைகளை இலக்கியமாக எண்ணுவதில்லை. ஆயினும், 1950களில் அமெரிக்காவில் பத்து சென்டுக்கு விற்ற மலிவு இதழ்களில் வந்த அறிவியல் புனைகதைகள் சில, இவ்விரு மெய்ப்பாடுகளையும் ஆழமாகக் கையாண்டுள்ளன. அவற்றுள் ஒன்றனை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

இதழ்களும் கதையமைப்பும்

வில்லியம் கெய்ன்ஸ் என்பவரின் ஈ.சி. நிறுவனம் 1950இல் 'வியர்ட் சயின்ஸ்', 'வியர்ட் ஃபேன்டசி' ஆகிய இதழ்களைத் தொடங்கியது. ஓரிதழில் பல சிறுகதைகள் இடம்பெறும். ஒவ்வொன்றும் சில பக்கங்களே. புகழ்பெற்ற எழுத்தாளர் ரே பிராட்பரியின் கதைகளும் இவற்றில் சித்திர வடிவம் பெற்றன. இக்கதைகளின் உயிர்நிலை கடைசிக் கட்டமே. அதுவரை படித்தவை அனைத்தும் அக்கட்டத்தில் வேறு பொருள் கொள்ளும்.

'தீர்ப்பு நாள்'

1953இல் 'வியர்ட் ஃபேன்டசி' 18ஆம் இதழில் இக்கதை வெளிவந்தது. ஆல் ஃபெல்ட்ஸ்டீன் எழுத, ஜோ ஆர்லாண்டோ படம் வரைந்தார். எந்திர மனிதர் மட்டுமே வாழும் ஒரு கோளுக்குப் பூமியிலிருந்து டார்ல்டன் என்னும் விண்வெளி வீரர் வருகிறார். அண்டக் குடியரசில் சேரும் தகுதி அக்கோளுக்கு உண்டா என்று ஆய்வதே அவர் பணி. அங்கு ஆரஞ்சு நிறத்தாரும் நீல நிறத்தாரும் உள்ளனர். இருவருக்கும் உள்ளுறுப்புகள் ஒன்றே. மேலுறை மட்டுமே வேறு. எனினும் நீல நிறத்தார் நகரின் ஒதுக்குப்புறத்தில் வாழ்கின்றனர். பேருந்தில் பின்னிருக்கையே அவர்களுக்கு உரியது. இன்னும் தகுதி வரவில்லை என்று தீர்ப்பளித்து வீரர் தம் கலத்திற்குத் திரும்புகிறார். கடைசிக் கட்டத்தில் தலைக்கவசத்தைக் கழற்றுகிறார். அவர் ஒரு கறுப்பின மனிதர்.

புதிய உலகைக் கண்டு மருண்ட வாசகன், அவ்வுலகம் தன் ஊரே என்பதை முன்பே உணர்ந்திருக்கலாம். ஆனால் கவசத்தினுள் வெள்ளை முகத்தையே தான் கற்பனை செய்திருந்ததை அக்கணத்தில்தான் உணர்கிறான். தீர்ப்பு அவன்மீதும் விழுகிறது. அச்சம் கோளிலிருந்து இடம்பெயர்ந்து அவன் நெஞ்சில் குடியேறுகிறது.

தணிக்கையும் ஒரு முகமும்

சித்திரக்கதைகள் சிறுவரைக் கெடுக்கின்றன என்ற கண்டனம் வலுத்து, 1954இல் அமெரிக்க மேலவைத் துணைக்குழு விசாரணை நடத்தியது. அவ்வாண்டே பதிப்பாளர்கள் தமக்கென ஒரு தணிக்கை நெறியை ஏற்படுத்திக் கொண்டனர். 1956ஆம் ஆண்டின் முதலிதழாக வந்த 'இன்க்ரெடிபிள் சயின்ஸ் ஃபிக்ஷன்' 33ஆம் இதழில் இக்கதையை மறுபதிப்புச் செய்ய முனைந்தபோது, வீரர் கறுப்பினத்தவராக இருத்தலாகாது எனத் தணிக்கை அலுவலர் தடுத்ததாக ஃபெல்ட்ஸ்டீன் பிற்காலத்தில் கூறியுள்ளார். அம்முகம் இல்லையேல் கதையே இல்லை என்பதால் ஆசிரியர்கள் இணங்கவில்லை. கதை மாற்றமின்றி வெளிவந்தது. ஈ.சி. வெளியிட்ட கடைசிச் சித்திரக்கதை இதழ் அதுவே. அலபாமா மாநிலத்தின் மாண்ட்கோமரி நகரில் பேருந்து இருக்கைப் பாகுபாட்டை எதிர்த்துக் கறுப்பின மக்கள் 1955 டிசம்பரில் தொடங்கிய புறக்கணிப்பு அப்போது நடந்துகொண்டிருந்தது என்பது ஈண்டு நோக்கத்தக்கது.

முடிவுரை

இவ்வுத்தி அத்துடன் மறையவில்லை. 1962இல் சிலந்தி மனிதன் முதன்முதலாகத் தோன்றிய 'அமேசிங் ஃபேன்டசி' 15ஆம் இதழிலேயே ஸ்டான் லீ, ஸ்டீவ் டிட்கோ இணையரின் செவ்வாய்க் கோளினர் பற்றிய குறுங்கதையும் உண்டு. மக்கள் தேடும் அயலார், நாம் முதலிலிருந்தே பரிவுடன் பார்த்துவந்த கணவன் மனைவியரே என்பது அதன் முடிவு.

பேயும் பூதமும் தரும் அச்சம் பக்கத்தை மூடியதும் தீரும். அயலான் என்று நாம் ஒதுக்கிய முகத்தை நேரே காட்டும் கதையின் அச்சமோ தீர்வதில்லை. தணிக்கையாளர் அழிக்க விரும்பியது பேயுருவை அன்று, ஒரு மனித முகத்தை என்பதே இக்கதையின் வலிமைக்குச் சான்று. மாணவர்கள் எந்த இலக்கிய வகையையும் அதன் விலையையோ தாளையோ கொண்டு எடைபோடாது, அது எழுப்பும் வினாவைக் கொண்டு எடைபோடுதல் நலம்.