எட்டாம் வகுப்பு லேபிலேயே தொழில் தொடங்கிவிட்டது

கேரளத் தமிழ் எல்லையில் கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம், மீனாட்சிபுரம் பக்கத்திலோ, மூணாறு, மறையூர், வண்டிப்பெரியாறு பக்கத்திலோ அரசுப் பள்ளியில் தமிழ் வழியில் படித்தவரா நீங்கள்? அப்படியானால் கிம்ப், இங்க்ஸ்கேப் போன்ற மென்பொருள்களின் பெயர்கள் உங்களுக்குப் புதியவை அல்ல. எட்டு முதல் பத்து வரை ஐ.டி. பாடத்தில் ஒரு போஸ்டர் செய்திருப்பீர்கள், ஒரு சின்ன அனிமேஷனை ஓடவிட்டிருப்பீர்கள். எஸ்.எஸ்.எல்.சி. முடிந்ததும் அதோடு விட்டிருப்பீர்கள். எல்லைப் பகுதிப் பிள்ளைகள் பலர் கையில் இருக்கும் ஒரு தொழிலை இப்படித்தான் பாதியில் கைவிடுகிறார்கள்.

கேரளத்தில் ஐ.டி. அட் ஸ்கூல் திட்டம் 2000களின் தொடக்கத்தில் பிறந்தது. 2017இல் அது ‘கைட்’ என்ற அரசு நிறுவனமானது. பள்ளிக் கணினிகளில் காசு கொடுத்து வாங்கும் மென்பொருளை ஒதுக்கிவிட்டு லினக்ஸும் கட்டற்ற மென்பொருளும் போதும் என்று கேரளம் எடுத்த முடிவு, அன்று இந்தியாவில் வேறெங்கும் இந்த அளவில் எடுக்கப்படாதது. 2019இல் இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்ட கணினிகளுக்குப் புதிய லினக்ஸ் பதிப்பைக் கொடுத்தபோது, உரிமக் கட்டணத்தில் சுமார் 3,000 கோடி ரூபாய் மிச்சம் என்று கைட் கணக்குச் சொன்னது. 2018இல் தொடங்கிய லிட்டில் கைட்ஸ் மன்றங்கள் 2,000க்கும் மேற்பட்ட பள்ளிகளில் அனிமேஷனும் ஆப் தயாரிப்பும் கற்றுத்தருகின்றன.

பள்ளியில் பழகியது குழந்தை விளையாட்டு என்று நினைத்துவிட வேண்டாம். 2025இல் சிறந்த அனிமேஷன் படத்துக்கான ஆஸ்கர் வாங்கிய லாட்விய நாட்டுப் படம் ‘ஃப்ளோ’, பிளெண்டர் என்ற மென்பொருளில் செய்தது. அந்த மென்பொருளை எந்தக் காசும் கொடுக்காமல் நீங்களும் இறக்கிக்கொள்ளலாம். ஜப்பானின் ஸ்டூடியோ கிப்லி பயன்படுத்திய டூன்ஸ் மென்பொருள்தான் 2016இல் ஓப்பன்டூன்ஸ் என்ற பெயரில் எல்லோருக்கும் திறந்துவிடப்பட்டது. கருவி விஷயத்தில் மறையூர் மாணவருக்கும் டோக்கியோ கலைஞருக்கும் இன்று பெரிய வித்தியாசம் இல்லை. வித்தியாசம் பயிற்சியில் இருக்கிறது, பயிற்சி பத்தாம் வகுப்போடு நின்றுபோவதில் இருக்கிறது.

லேபிலிருந்து போனுக்கு

நின்றுபோவதற்குக் காரணம் எளிது. வீட்டில் கணினி இல்லை, போன் மட்டும் இருக்கிறது. தோட்டத் தொழிலாளர் லயத்தில் ஒரே அறையில் ஐந்து பேர் இருக்கும் இடத்தில் மேசைக் கணினிக்கு எங்கே இடம்? அதனால் போனில் கிடைக்கும் ஆப்புக்கு மாறுகிறார்கள். மாறுவதில் தப்பில்லை, எதற்கு மாறுகிறோம் என்று பார்க்க வேண்டும். பல வீடியோ ஆப்கள் இலவசமாக நுழையவிட்டு, முடித்த வேலையின் மூலையில் தங்கள் முத்திரையைக் குத்துகின்றன. கைன்மாஸ்டரின் இலவசப் பதிப்பு அப்படித்தான். அந்த முத்திரையோடு கல்யாண வீடியோவைக் கொடுத்தால் யாரும் காசு தரமாட்டார்கள்.

போனில் தொடங்குகிறவருக்கு நான் சொல்வது இவ்வளவுதான்: படம் திருத்த கூகுளின் ஸ்னாப்சீட், முத்திரை கிடையாது. வீடியோ எடுக்க ஓப்பன் கேமரா, விளம்பரமே இல்லாத கட்டற்ற ஆப். பாட்டும் குரலும் அடுக்கிப் பதிய பேண்ட்லேப். வரைகிறவர் கையில் ஆண்ட்ராய்டு டேப்லெட் இருந்தால் கிரிட்டா. ஆறு மாதம் இவற்றில் கை பழகட்டும். பிறகு பழைய மடிக்கணினி ஒன்றை வாங்கி லினக்ஸ் மின்ட் போட்டுக்கொள்ளுங்கள். 4 ஜிபி ரேம் இருந்தாலும் இங்க்ஸ்கேப்பும் ஒலி திருத்தும் ஆடாசிட்டியும் ஓடும். கேடென்லைவில் ‘ப்ராக்ஸி’ வசதியைப் போட்டால் வீடியோவும் ஓரளவு திணறாமல் வெட்டலாம். பிளெண்டரின் புதிய பதிப்புகள் மட்டும் பழைய கிராஃபிக்ஸ் கார்டில் ஓடாமல் போகலாம். பழைய பதிப்புகள் அவர்கள் தளத்திலேயே கிடைக்கும்.

எழுத்தில் ஏமாறாதீர்கள்

முதல் வருமானம் பெரும்பாலும் போஸ்டரில்தான் வரும். கோயில் திருவிழா நோட்டீஸ், கடைத் திறப்பு, காதுகுத்து, கால்பந்துப் போட்டி என எல்லாவற்றுக்கும் தமிழும் மலையாளமும் ஒரே தாளில் வேண்டும். இங்கேதான் பலர் சறுக்குகிறார்கள். கொம்பு ஒரு பக்கம், கால் ஒரு பக்கம் போய் எழுத்து உடைந்துவிடும். இங்க்ஸ்கேப், கிம்ப், புதிய ஸ்கிரைபஸ் மூன்றும் யூனிகோடு தமிழை உடைக்காமல் அடுக்கும். எழுத்துருவுக்கும் காசு வேண்டாம். முக்த மலர், ஹிந்த் மதுரை, பவனம், கவிவனார் எல்லாம் திறந்த உரிமத்தில் உள்ளவை, விற்கும் வேலைக்கும் பயன்படுத்தலாம். சுதந்திர மலையாளம் கம்ப்யூட்டிங் என்ற கேரளத் தன்னார்வக் குழு மலையாளத்துக்கு மஞ்சரியைத் தந்தது, தமிழுக்கு மீரா இனிமையைத் தந்தது. எல்லைக்காரர்களுக்கு இதைவிடப் பொருத்தமான ஜோடி இல்லை.

அச்சகத்துக்குக் கோப்பு அனுப்பும் முன் இரண்டு வேலை. உங்கள் எழுத்துரு அவர்கள் கணினியில் இருக்காது, பல அச்சகங்களில் இன்னும் யூனிகோடுக்கு முந்தைய எழுத்துருக்களே ஓடுகின்றன. அதனால் இங்க்ஸ்கேப்பில் எழுத்தைத் தேர்ந்தெடுத்து கண்ட்ரோல், ஷிஃப்ட், சி மூன்றையும் சேர்த்து அழுத்துங்கள். எழுத்து வெறும் கோட்டுருவமாகிவிடும், பிறகு எந்தக் கணினியிலும் உடையாது. திருத்துவதற்குரிய மூலக் கோப்பைத் தனியாக வைத்துக்கொண்டு பிடிஎஃப் மட்டும் அனுப்புங்கள். இரண்டாவது, பேனர் வேலையானால் எதில் அச்சிடப்போகிறார்கள் என்று கேளுங்கள். பிவிசி ஃப்ளெக்ஸைக் கேரளம் 2019லேயே தடை செய்துவிட்டது. அதற்கு மாற்றான துணியில் நிறம் சற்று மங்கித் தெரியும், அதற்கேற்ப அடர்த்தியாக வடிவமையுங்கள்.

ஒலிதான் சந்தை

எல்லையில் பிறந்தவருக்கு இரண்டு மொழி இயல்பாக வரும். கொச்சியிலோ கோயம்புத்தூரிலோ வளர்ந்தவர் கற்றும் பெற முடியாத சரளம் அது. மலையாளப் படங்களும் தொடர்களும் தமிழுக்கு வந்துகொண்டே இருக்கின்றன. கொச்சியின் கடைகளும் மருத்துவமனைகளும் தமிழ்நாட்டு வாடிக்கையாளரைத் தேடுகின்றன. மூணாறு, தேக்கடி ஹோம்ஸ்டேக்களுக்குத் தமிழ்ப் பயணிகள் வருகிறார்கள். இவர்கள் எல்லோருக்கும் தமிழில் பேசிய வீடியோ வேண்டும். இவர்களுக்கு வீடியோ எடுத்துத் தரப் பலர் இருக்கிறார்கள், சரியான தமிழில் பேசித் தரத்தான் ஆள் குறைவு. வசன வரி எழுதவும் கற்றுக்கொள்ளுங்கள். அதற்கான ஏஜிசப் மென்பொருள் இலவசம், ஒரு வரிக்கோப்பின் அளவு சில கிலோபைட்டுகள்தான். திரையில் ஒரே நேரத்தில் இரண்டு வரிக்கு மேல் வேண்டாம்.

குரல் பதிய ஸ்டூடியோ தேவையில்லை. மூணாறு மழை தகரத்தில் விழும் சத்தத்தில் எதுவும் எடுபடாது என்பார்கள். மழை விட்ட நேரம் பார்த்து, துணி நிறைந்த அலமாரியைத் திறந்து அதன் முன் நின்று, மொபைலை ஒரு சாண் தூரத்தில் வைத்துப் பேசுங்கள். பேசும் முன் ஐந்து விநாடி சும்மா பதியுங்கள். ஆடாசிட்டியில் அந்த ஐந்து விநாடியைக் காட்டித்தான் இரைச்சலை நீக்க வேண்டும். நீக்குவதும் அளவோடு, கூடினால் குரல் தகரக் குழாய்க்குள் போய்விடும். யூடியூப்புக்கு ஒலி அளவு மைனஸ் 14 எல்.யு.எஃப்.எஸ். அருகில் இருந்தால் போதும். ஆடாசிட்டியிலேயே ‘லவுட்னெஸ் நார்மலைசேஷன்’ இருக்கிறது.

அட்டப்பாடி நஞ்சியம்மாவை நினைத்துக்கொள்ளுங்கள். 2020இல் வந்த ‘அய்யப்பனும் கோஷியும்’ படத்தில் அவர் இருளர் மொழியில் பாடிய பாட்டு, 2022இல் அறிவிக்கப்பட்ட தேசிய விருதுகளில் சிறந்த பின்னணிப் பாடகி விருதை அவருக்குக் கொண்டுவந்தது. உங்கள் ஊரிலும் பாடும் பாட்டிகள் இருக்கிறார்கள். பதியுங்கள், ஆனால் முதலில் அவர் சம்மதத்தைக் கேளுங்கள், பெயரைப் போடுங்கள், வருமானம் வந்தால் பங்கைக் கொடுங்கள். இதில் சமரசம் செய்கிறவர் இந்தத் தொழிலுக்கு வர வேண்டாம்.

சட்டமும் காசும்

கிராக் செய்த மென்பொருள் பென்டிரைவில் கைமாறுகிறது. வாங்காதீர்கள். திருட்டுப் பிரதி என்று தெரிந்தே பயன்படுத்தினால் பதிப்புரிமைச் சட்டத்தின் 63பி பிரிவில் ஏழு நாள் முதல் மூன்று ஆண்டு வரை சிறையும், 50,000 முதல் 2 லட்சம் வரை அபராதமும் உண்டு. கட்டற்ற மாற்று கையில் இருக்கும்போது அந்த ஆபத்து எதற்கு? சினிமாப் பாட்டைப் பின்னணியில் போடும் பழக்கத்தையும் விடுங்கள். யூடியூப் ஆடியோ லைப்ரரியில் தேவையானது கிடைக்கும். மூலக் கோப்புகளை உங்களிடமே வையுங்கள். 2020 ஜூன் 29 அன்று டிக்டாக் உள்ளிட்ட 59 ஆப்கள் இந்தியாவில் தடை செய்யப்பட்டபோது, வீடியோவை அங்கே மட்டுமே வைத்திருந்தவர்களின் உழைப்பு அங்கேயே சிக்கிக்கொண்டது.

வருமானம் என்றதும் யூடியூப் விளம்பரப் பணத்தைக் கணக்கிடுவார்கள். அதற்கு 1,000 சந்தாதாரர், ஓராண்டில் 4,000 மணிநேரப் பார்வை வேண்டும், இல்லையென்றால் 90 நாளில் ஒரு கோடி ஷார்ட்ஸ் பார்வை வேண்டும். அதுவரை சோறு போடப்போவது உள்ளூர் வேலைதான். ஒரு போஸ்டர், அரை நிமிடத் தமிழ்க் குரல், ஒரு நிமிட ஹோம்ஸ்டே வீடியோ, இந்த மூன்றை மாதிரியாக வைத்துக்கொண்டு நேரில் போய்க் காட்டுங்கள். பாதி முன்பணம் வாங்கிய பிறகே தொடங்குங்கள். எத்தனை முறை திருத்தித் தருவீர்கள் என்பதை வாட்ஸ்அப்பிலாவது எழுதி அனுப்புங்கள். சிறுதொழிலுக்கான உத்யம் பதிவு இலவசம், ஆதாரும் பான் எண்ணும் வேண்டும். சேவை வருமானம் ஆண்டுக்கு 20 லட்சத்தைத் தாண்டும்வரை ஜி.எஸ்.டி. பதிவு பொதுவாகத் தேவைப்படாது.

கற்க வழி இல்லை என்று யாரும் சொல்ல வேண்டியதில்லை. மும்பை ஐ.ஐ.டி.யின் ஸ்போக்கன் டுடோரியல் தமிழிலும் பாடம் தருகிறது. கணியம் இதழ் 2012 முதல் கட்டற்ற மென்பொருளைப் பற்றித் தமிழில் எழுதிவருகிறது. இல்லாதது கணினி இருக்கும் ஒரு மேசை மட்டும். அது உங்கள் பள்ளியிலேயே இருக்கிறது, சனி ஞாயிறுகளில் பூட்டிக் கிடக்கிறது. தமிழ் வழிப் பள்ளிகளின் தலைமை ஆசிரியர்களுக்கும் பி.டி.ஏ.வினருக்கும் ஒரு வேண்டுகோள்: சனிக்கிழமை மூன்று மணிநேரம் அந்த லேபை முன்னாள் மாணவர்களுக்குத் திறந்துவிடுங்கள்.