ஒற்றைக்கண் அரக்கனும் உலைக்களமும்



சிவில் பிரிவு நண்பர்கள் 'சைக்ளோபியன் கான்கிரீட்' என்று படித்திருப்பீர்கள். அணைக்கட்டு, பெரிய அடித்தளம் ஆகியவற்றுக்கு, இடையிடையே பெரும் பெரும் கற்களைப் போட்டு ஊற்றுகிற கான்கிரீட். 'பிளம் கான்கிரீட்' என்றும் சொல்வார்கள். அது என்ன சைக்ளோபியன்? சிமெண்ட் கம்பெனி பெயரா? கண்டுபிடித்த விஞ்ஞானி பெயரா? இரண்டும் இல்லை. அது ஒற்றைக்கண் அரக்கர்களின் பெயரிலிருந்து வந்தது!

அந்தப் பெயரைத் தேடிப் போன நான், கடைசியில் நம்ம ஸ்மிதி ஷாப்புக்கே வந்து சேர்ந்தேன். எப்படி என்று சொல்கிறேன், கேளுங்கள்.

யார் இந்த சைக்ளோப்ஸ்?

கிரேக்க மொழியில் 'குக்ளோஸ்' என்றால் வட்டம், சக்கரம். நாம் தினமும் மிதித்து வருகிற சைக்கிளின் பெயரும் இதே வேரில் முளைத்ததுதான். 'ஓப்ஸ்' என்றால் கண். ஆக, சைக்ளோப்ஸ் என்றால் 'வட்டக் கண்ணன்'.

சுமார் கி.மு. 700-ல் வாழ்ந்த ஹெசியோட் என்ற கிரேக்கக் கவிஞர், 'தியோகோனி' என்ற நூலில் மூன்று சைக்ளோப்ஸ் சகோதரர்களைச் சொல்கிறார். புரோன்டெஸ், ஸ்டெரோபெஸ், ஆர்கெஸ். இடி, மின்னல், பளிச்சிடும் ஒளி என்று பெயருக்குப் பொருள். மற்ற எல்லாவற்றிலும் தேவர்களைப் போலத்தான் இருந்தார்கள். நெற்றி நடுவில் மட்டும் ஒரே ஒரு கண். சரி, இவர்கள் செய்த தொழில் என்ன? கொல்லு வேலை! நம் இந்திரனுக்கு வஜ்ராயுதம் போல, கிரேக்கர்களின் ஜீயஸுக்கு இடிதான் ஆயுதம். அதை அடித்துக் கொடுத்தவர்கள் இவர்களே. பிற்காலக் கவிஞர்கள் இவர்களை எரிமலைகளுக்கு அடியில், கொல்லர் தெய்வத்தின் பட்டறையில் சம்மட்டி அடிக்க விட்டார்கள். எரிமலை புகைந்தால் 'உள்ளே உலை எரிகிறது' என்று அந்தக் காலத்து மக்கள் நினைத்தார்கள்.

கிரேக்க நாட்டில் மைசீனி, டிரின்ஸ் என்ற பழைய கோட்டைகள் இன்றும் நிற்கின்றன. சாந்து கிடையாது, கல்மேல் கல். கி.பி. இரண்டாம் நூற்றாண்டில் அங்கே பயணம் செய்த பாவுசானியாஸ், அந்தச் சுவரின் மிகச் சிறிய கல்லைக்கூட இரண்டு கோவேறு கழுதைகள் சேர்ந்து நகர்த்த முடியாது என்று எழுதி வைத்திருக்கிறார். 'மனிதனால் ஆகிற காரியமா இது? சைக்ளோப்ஸ்தான் கட்டியிருக்க வேண்டும்' என்று மக்கள் சொன்னார்கள். சிவில் புத்தகத்துக்குள் அரக்கன் நுழைந்த கதை இதுதான்.

கதைக்குள் ஒரு ஒர்க்‌ஷாப்

ஆனால் உலகத்துக்கு நன்றாகத் தெரிந்த ஒற்றைக்கண்ணன் பாலிபீமஸ். ஹோமரின் 'ஒடிசி' காவியத்தில் ஒன்பதாம் பகுதியில் வருகிறான். இவன் கொல்லன் இல்லை, ஆடு மேய்ப்பவன். மனிதனைப் பிடித்துத் தின்பவன். குகைக்குள் மாட்டிக்கொண்ட ஒடிசியஸ் தன் பெயர் 'யாருமில்லை' என்று சொல்லி, அவனைக் குடிக்க வைத்து, ஒலிவ மரக் கழியைக் கூராகச் சீவி, நெருப்பில் காய்ச்சி அந்த ஒற்றைக் கண்ணில் பாய்ச்சுகிறான். அரக்கன் அலறுகிறான். வெளியே இருந்த கூட்டாளிகள் 'யார் உன்னை அடித்தது?' என்று கேட்க, இவன் 'யாருமில்லை!' என்கிறான். வந்தவர்கள் திரும்பிப் போய்விடுகிறார்கள்.

நமக்கு முக்கியமான இடம் இங்கேதான் இருக்கிறது. கழியைத் திருகுவதை ஹோமர் எதற்கு ஒப்பிடுகிறார் தெரியுமா? கப்பல் தச்சன் மரத்தில் துளை போடும்போது, கீழே நிற்பவர்கள் வாரைப் பிடித்து இழுத்து இழுத்துத் துரப்பணத்தைச் சுற்றுவதற்கு. அதாவது டிரில்லிங்! கண் பொசுங்கும் சத்தத்தை எதற்கு ஒப்பிடுகிறார்? கொல்லன் பழுக்கக் காய்ச்சிய கோடரியைத் தண்ணீரில் முக்கும்போது வரும் 'ஸ்ஸ்ஸ்' சத்தத்துக்கு. இரும்புக்கு உறுதி வருவதே அதனால்தான் என்றும் சேர்த்துச் சொல்கிறார். நாம் ரெக்கார்டு நோட்டில் எழுதுகிற 'குவென்ச்சிங்' இதுதானே! ஆட்டிடையன் கதை சொல்ல வந்த இடத்திலும் ஒற்றைக்கண்ணைப் பட்டறை விடவில்லை, பாருங்கள்.

ஏன் ஒரே கண்?

இதற்கு அறிஞர்கள் பல விடை சொல்கிறார்கள். 1914-ல் ஆஸ்திரிய ஆய்வாளர் ஓதேனியோ ஆபெல் சொன்னது ஒன்று. சிசிலி தீவில் ஒரு காலத்தில் குள்ள யானைகள் வாழ்ந்தன. அவற்றில் ஓர் இனம் முழுதாக வளர்ந்தாலும் சுமார் ஒரு மீட்டர் உயரம்தான். அதன் மண்டை ஓட்டில், தும்பிக்கை இருந்த இடத்தில் நடுநாயகமாக ஒரு பெரிய ஓட்டை இருக்கும். யானையையே பார்த்தறியாத ஒருவன் குகையில் அதைக் கண்டெடுத்தால், நெற்றியில் ஒற்றைக்கண் உள்ள ராட்சதன் என்றுதானே நினைப்பான்? ருசிகரமான விளக்கம். ஆனால் யானை மண்டை ஓடு 'கண்' எப்படி வந்தது என்று சொல்லுமே தவிர, 'கொல்லன்' எப்படி வந்தான் என்று சொல்லாது.

இரண்டாவது விளக்கம் ஆங்கில எழுத்தாளர் ராபர்ட் கிரேவ்ஸ் 1955-ல் வெளியிட்ட கிரேக்கப் புராண நூலில் இருக்கிறது. பழங்காலக் கொல்லர்கள் தீப்பொறிக்குப் பயந்து ஒரு கண்ணைத் துணியால் மூடிக்கொண்டு வேலை செய்திருப்பார்கள். பார்த்தவர்கள் அதையே கதையாக்கிவிட்டார்கள் என்கிறார். இது ஓர் ஊகம்தான், நிரூபணம் அல்ல.

ஆனால் கிரேக்கத்தோடு எந்தச் சம்பந்தமும் இல்லாத ஜப்பானுக்கு வாருங்கள். அங்கே புராணத்தில் வரும் கொல்லர் தெய்வத்தின் பெயர் 'ஆமே நோ மஹிதோட்சு'. பொருள்: வானத்து ஒற்றைக்கண்ணன்! ஜப்பானில் இரும்பு மணலையும் மரக்கரியையும் மண் உலையில் இட்டு, மூன்று நாள் இரவு பகலாக எரித்து வாளுக்கான எஃகு எடுப்பார்கள். 'டடாரா' என்று பெயர். உலைத் தலைவன் தீயின் நிறத்தைப் பார்த்துப் பார்த்துத்தான் பதம் சொல்ல வேண்டும். அப்படியே வருஷக்கணக்கில் நெருப்பைப் பார்த்துக் கண் போனவர்களின் நினைவுதான் அந்தத் தெய்வம் என்று ஜப்பானிய ஆய்வாளர்கள் சிலர் எழுதியிருக்கிறார்கள்.

நாமும் 'செர்ரி சிவப்பு' வந்ததும் கம்பியை எடு என்று படிக்கிறோம். அந்த நிறத்தைப் பார்ப்பது தெர்மாமீட்டர் அல்ல, கண்!

கதையில் அரக்கன், வீட்டில் அப்பா

இந்த விளக்கத்தை நான் உடனே நம்பியதற்கு ஒரு காரணம் உண்டு. என் அப்பா கொல்லுப்பட்டறையில் சம்மட்டி அடிப்பவர். நான் பிறப்பதற்கு முன்பே, உளித்தலையிலிருந்து தெறித்த ஒரு சில்லு அவருடைய இடது கண்ணில் பாய்ந்துவிட்டது. அடி வாங்கி வாங்கி உளித்தலை காளான் மாதிரி விரிந்திருந்தால் அதைத் தேய்த்துவிட்டுத்தான் பயன்படுத்த வேண்டும் என்று நமக்கு முதல் வாரத்திலேயே சொல்லித் தந்தார்கள். அப்பாவுக்கு யாரும் சொல்லித் தரவில்லை. ஊரில் அவரை 'ஒத்தக்கண்ணு' என்றுதான் கூப்பிடுவார்கள். சின்னப் பையன்கள்கூட.

ராமாயணத்துக் கபந்தனுக்கு மார்பில் ஒரே கண். துருக்கியரின் 'தெதே கோர்குட்' கதைகளில் தெபெகோஸ் என்ற நரமாமிச ராட்சதனுக்கு உச்சந்தலையில் ஒரே கண். கதையில் ஒற்றைக்கண்ணன் என்றாலே பயங்கரம். அவனும் யாருக்காவது உழைத்துக் கண்ணை இழந்தவனாக இருக்கலாமே என்று எந்தக் கதையும் கேட்பதில்லை.

ஒரு கதையில் மட்டும் மரியாதை இருக்கிறது. வட ஐரோப்பாவின் தலைமைத் தெய்வம் ஓடின். சுமார் 1220-ல் ஐஸ்லாந்தில் ஸ்நோரி ஸ்டர்லூசன் எழுதிய 'எட்டா'வில் இந்தக் கதை வருகிறது. மிமிர் என்பவனின் கிணற்றில் அறிவு நீர் இருக்கிறது. ஒரு வாய் குடிக்க ஓடின் தன் ஒரு கண்ணையே விலையாகக் கொடுக்கிறான்.

எங்கள் வீட்டிலும் அப்படித்தான் நடந்தது. ஒரு வித்தியாசம், கண்ணைக் கொடுத்தவர் அவர்; தண்ணீர் குடிக்கிறவன் நான். எங்கள் குடும்பத்தில் முதலில் படிக்க வந்தவன் நான்தான். நான் சேர்ந்த அன்று அப்பா சொன்னார்: "சம்மட்டி அடிக்க ஒரு கண்ணு போதும்டா தம்பி. படிக்க ரெண்டும் வேணும்."

நண்பர்களே, கவனிக்க!

வெல்டிங் ஒளியில் உள்ள புற ஊதாக் கதிர் அப்போதே வலிக்காது. சில மணி நேரம் கழித்து, ராத்திரியில், கண்ணில் மணல் கொட்டியது போல உறுத்தும். கூலிங் கிளாஸ் அதற்குக் காப்பு ஆகாது. உரிய எண் கொண்ட கறுப்புக் கண்ணாடியே வேண்டும். ஆர்க் வெல்டிங்குக்குப் பெரும்பாலும் 10 முதல் 12 வரை உள்ள எண். உலையின் அகச்சிவப்புக் கதிரோ பல வருஷத்தில் கண்புரையைக் கொண்டுவரும். கிரைண்டரில் இரும்புத்தூள் விழுந்தால் கசக்காதீர்கள். கைக்குட்டை நுனியால் எடுத்துவிட நண்பனைக் கூப்பிடாதீர்கள். கண் டாக்டரிடம் போங்கள். ஒரு கண்ணைத் துளைத்த காயம், அரிதாக, நன்றாக இருக்கும் மறு கண்ணையும் கெடுக்கக் கூடும்.

1948-ஆம் ஆண்டின் தொழிற்சாலைச் சட்டத்தில் 35-வது பிரிவு முழுக்கக் கண் பாதுகாப்புக்காகவே எழுதப்பட்டது. ஜீயஸின் கொல்லர்களுக்கு அப்படி ஒரு சட்டம் இல்லை. நமக்கு சட்டமும் இருக்கிறது, ஸ்டோர் ரூமில் காகிளும் இருக்கிறது. "மூஞ்சி வேர்க்குதுப்பா", "ரெண்டு நிமிஷ வேலைதானே" என்று அதை ஆணியிலேயே தொங்க விடாதீர்கள். சில்லு தெறிக்க இரண்டு நிமிஷம்கூட வேண்டாம்.

நாளை நம்மில் பலர் சூப்பர்வைசர் ஆவோம். நமக்குக் கீழே வேலை செய்கிறவர்களுக்கும் முதல் நாளே காகிளைக் கையில் கொடுத்து, மாட்டிய பிறகே சம்மட்டியைக் கொடுப்போம். ஒற்றைக்கண்ணர்கள் இனி கதையில் மட்டும் இருக்கட்டும்!

— மூன்றாம் ஆண்டு மாணவன், இயந்திரவியல் பிரிவு