கொறங்காட்டுக் குடித்தனத்தில் கன்று வளர்ப்பு

காங்கயம், தாராபுரம், மூலனூர், வெள்ளகோவில் முதலிய ஊர்களைச் சூழ்ந்துள்ள வறண்ட பூமியில், சிறு குடியானவர்களின் ஜீவனத்திற்குக் கொறங்காடு நெடுங்காலமாக ஆதாரமாயிருந்து வருகிறது. கொழுக்கட்டைப் புல் படர்ந்த தரையும், நிழலுக்கும் காய்க்குமாக ஆங்காங்கே விடப்பட்ட வெள்வேல மரங்களும், சுற்றிலும் முட்கிளுவை உயிர்வேலியும் உடைய மேய்ச்சற் காட்டிற்கே இப்பெயர் வழங்கும். வேலி அடர்ந்திருப்பதால், வாயிற்படலைச் சாத்திவிட்டால் மாடும் ஆடும் மேய்ப்பவரின்றியே மேய்ந்து கொண்டிருக்கும். இதைக் காண்பவர்கள், இப்பக்கத்துக் குடியானவர்களுக்குக் கால்நடை வளர்ப்பில் சிரமமே இல்லையென்று எண்ணுவதுண்டு. காட்டில் வேலை குறைவென்பது மெய்யே. ஆனால் குறைந்த அவ்வேலை முழுவதும் வீட்டிற்கு, விசேஷமாய்க் கட்டுத்தரைக்கு, வந்து சேர்ந்திருக்கிறது. அதைச் செய்பவர்கள் பெரும்பாலும் பெண்மக்களும் முதியோரும் ஆவர்.

20-ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் காங்கய மாட்டினம் பழையகோட்டைப் பட்டக்காரரின் பெருமந்தையால் பேர் பெற்றது. அத்தகைய மந்தைகளில் கன்று பார்ப்பதற்கென்றே ஆட்களை அமர்த்தலாம். இக்காலத்தில் இவ்வினத்தைப் பெரிதும் தாங்கி நிற்பவர்களோ ஒன்றிரண்டு பசுக்களும் சில ஆடுகளும் உள்ள சிறு குடித்தனக்காரர்கள். அவர்களுக்கு ஒரு கன்று இறப்பது அவ்வாண்டின் விளைவே இறப்பதாகும். காங்கயங் கன்று செந்நிறமாய்ப் பிறந்து, ஏறத்தாழ ஆறு மாதத்தில் அந்நிறம் மாறிச் சாம்பல் நிறம் அடையும். அச்செம்மை மாறுவதற்கு முன்னுள்ள காலத்திலேயே அதன் பிழைப்பும் பிற்கால விலையும் நிர்ணயமாகி விடுகின்றன.

இவ்விஷயத்தில் முதலில் கவனிக்க வேண்டியது சீம்பால். நஞ்சுக்கொடி விழுவதற்கு முன் கன்றை மடியில் விடலாகாது, விட்டால் நஞ்சு உள்ளே நின்றுவிடும், கன்றுக்கும் கழிச்சல் காணும் என்னும் கொள்கை அநேக வீடுகளில் இன்னும் இருந்து வருகிறது. நள்ளிரவில் ஈன்ற பசுவிற்கு நஞ்சு விழ விடியற்காலம் ஆகலாம். அதுவரை கன்று வெறும் வயிற்றோடு கிடக்கும். இது பெருந்தவறு. மனிதக் குழந்தைக்குத் தாயின் வயிற்றிலிருக்கும்போதே நோயை எதிர்க்கும் பொருள்கள் ஓரளவு சேர்ந்துவிடுகின்றன. மாட்டின் நஞ்சுக்கொடி அமைப்பு அதற்கு இடந்தருவதில்லை. கன்று அவ்வெதிர்ப்புச் சக்தியின்றியே பிறந்து, சீம்பாலின் மூலமாகவே அதைப் பெற வேண்டியிருக்கிறது. பிறந்த சில மணி நேரம் வரை கன்றின் குடல் அப்பொருள்களை அப்படியே இரத்தத்திற் சேர்த்துக்கொள்ளும். நேரமாக ஆக அச்சக்தி குன்றி, ஒரு நாளைக்குள் ஏறக்குறைய அற்றுவிடும். மறுநாள் எவ்வளவு சீம்பால் ஊட்டினும், முதல் இரண்டு மணி நேரத்தில் ஊட்டுவதற்கு அது ஈடாகாது.

ஊட்டுவதால் நஞ்சு நின்றுவிடும் என்பதும் சரியன்று. கன்று மடியை முட்டி ஊட்டும்போது தாயின் உடலிற் சுரக்கும் பொருள், பாலை இறக்குவதோடு கருப்பையைச் சுருங்கவும் செய்கிறது. அச்சுருக்கம் நஞ்சு விழுவதற்கு உதவியேயன்றித் தடையன்று. 12 மணி நேரம் கடந்தும் நஞ்சு விழாவிடில் கால்நடை மருத்துவருக்குச் சொல்லியனுப்ப வேண்டும். கல்லையோ செங்கல்லையோ கட்டித் தொங்கவிட்டு இழுப்பது கருப்பைக்குக் கேடு. விழுந்த நஞ்சை வைக்கோலிற் பொதிந்து ஆலமரத்திற் கட்டும் வழக்கம் கன்றுக்குத் தீங்கு செய்வதன்று; எனினும் நாயும் காகமும் தொடாதபடி ஆழப் புதைத்துவிடுதல் மேல்.

பிறக்கும்போது 20 கிலோ நிறையுள்ள கன்றுக்கு, அதன் நிறையிற் பத்திலொரு பங்கு, அதாவது நாளொன்றுக்கு 2 கிலோ பால், பல வேளையாகச் செல்ல வேண்டும். எழுந்து நிற்க வலுவற்ற கன்றாயின் சீம்பாலைக் கறந்து, இளஞ்சூட்டோடு, மெல்ல மெல்லப் புகட்ட வேண்டும். தலையை அண்ணாத்திப் பிடித்து ஊற்றினால் பால் நுரையீரலிற் புகுந்து கன்று இறப்பதும் உண்டு. தொப்புட்கொடியைச் சுத்தமான கத்தியால் இரண்டு அங்குலம் விட்டு அறுத்து, டிங்சர் அயோடினில் தோய்க்க வேண்டும். இவையெல்லாம் இரவில் விழித்திருப்பவர் கையிலுள்ள வேலைகள். ஆதலின் இவற்றை வீட்டுத் தலைவர் மாத்திரம் கூட்டத்திற் கேட்டுவிட்டு வருவதாற் பயனில்லை. கட்டுத்தரையிற் சொல் செல்வது பல வீடுகளில் மாமியாருக்கே. அவர் ஒப்பாவிடில் மருமகள் அறிந்திருந்தும் பிரயோஜனமில்லை.

இனிப் பாலைப் பங்கிடும் விஷயம். காங்கயப் பசு உழவு மாட்டினத்தைச் சேர்ந்தது. ஓர் ஈற்றிற் சராசரியாக 500 முதல் 600 கிலோ பாலே தரும். கன்று முட்டாமல் சுரப்பு விடுவதும் அரிது. இவ்வளவு சொற்பமான பாலில் வீட்டுக் குழந்தைகளுக்கும், காப்பிக்கும், கூட்டுறவுச் சங்கத்திற்கும் எடுத்த பின் கன்றுக்கு மிஞ்சுவது என்னவென்று நினைத்துப் பார்க்கலாம். ஒரு காம்பைக் கன்றுக்கு விடுவதே போதுமென்று கருதுபவர் பலர். போதாது. முதல் மூன்று மாதத்தில் கன்றின் வாயிலிருந்து நாளொன்றுக்கு அரை லிட்டர் வீதம் பிடித்தால் 45 லிட்டர் ஆகும். அதன் கிரயத்தையும், சித்திரையில் கண்ணபுரம் மாரியம்மன் கோயில் தேரையொட்டிக் கூடும் மாட்டுச் சந்தையில் விலா எலும்பு தெரியும் கன்றுக்கும் திரட்சியுள்ள கன்றுக்கும் காணும் விலைப் பேதத்தையும் பக்கத்திற் பக்கம் வைத்துப் பார்த்தால் எது இலாபமென்பது எவருக்கும் புலப்படும்.

கறப்பவளுக்கும் அது புலப்படாததன்று. அவள் அறியாமையாற் கன்றை வஞ்சிக்கிறாள் என்று பேசுவது நியாயமாகாது. பாலின் பணம் அவள் கைக்கு வருகிறது; உப்புக்கும் மிளகாய்க்கும், பிள்ளைகளின் பள்ளிச் செலவுக்கும் அதுவே ஆதாரம். கன்றின் பணமோ இரண்டொரு ஆண்டுகளுக்குப் பின் சந்தையில், துண்டுக்கடியில் விரல் பிடித்து விலை பேசும் ஆடவர் கையில் மொத்தமாய் வந்து, கடனுக்கோ கிணற்றுக்கோ போய்விடுகிறது. கன்றுக்குப் பாலை விடும்படி கேட்பது, அவள் பணத்தை எடுத்து மற்றொருவர் பணத்தைப் பெருக்கும்படி கேட்பதேயாகும். கன்று வளர்ப்பைப் பற்றிய போதனைகள் பல வீடுகளில் ஏறாமற் போவதற்கு இதனினும் பெரிய காரணம் தேட வேண்டியதில்லை.

இதற்குப் பரிகாரமும் குடியானவர்களிடமே உண்டு. ஆட்டை வாரத்திற்கு விடுபவர், பிறக்கும் குட்டிகளிற் பாதியை வளர்ப்பவருக்கு விட்டுக்கொடுப்பது நாடறிந்த வழக்கம். அயலாரோடு இவ்வளவு ஒழுங்காய் நடந்துகொள்பவர்கள், சொந்த வீட்டில் வளர்ப்பவருக்குப் பங்கு வைப்பதில்லை. கன்று விற்ற தொகையில் மூன்றிலொரு பங்கோ, நான்கிலொரு பங்கோ கட்டுத்தரை பார்ப்பவருக்கென்று முன்னதாகவே பேசி, கணக்குப் புத்தகத்தில் எழுதிவைத்தால் பால் தானே கன்றின் வாய்க்குப் போகும். ஈற்றுக்கொரு கிடாரியை அவள் பெயருக்கு விடுவதும் ஒரு வழியே. இரண்டு மருமக்கள் உள்ள கூட்டுக்குடும்பத்தில், எவர் எந்தப் பசுவைப் பார்ப்பதென்பதைப் பிரித்துக்கொள்ளுதல் அவசியம். இல்லாவிடில் பங்கே சச்சரவிற்கு வித்தாகும்.

மண் தின்னும் கன்றுக்கு வாய்க்கூடை கட்டுவது பெருவழக்கு. கூடை மண்ணைத் தடுக்குமேயன்றி மண் தின்பதற்குரிய காரணத்தைப் போக்காது. குடற்பூச்சியோ தாது உப்புக் குறைவோ பெரும்பாலும் அதற்குக் காரணமாகும். வயிறு பருத்து, மயிர் சிலிர்த்து, சாணம் வெளுத்து நாறினால் பூச்சியென்றே சந்தேகிக்க வேண்டும். முதல் மருந்து பிறந்த 10 நாளளவிலும், பின்னர் ஆறு மாதம் வரை மாதத்திற்கொருமுறையும் கொடுத்து வருவது நலம். மருந்தின் அளவு கன்றின் நிறைக்குத் தக்கதாதலால் கால்நடை மருந்தகத்திற் கேட்டே கொடுக்க வேண்டும்.

ஆட்டு விஷயத்தில் பிள்ளைகளின் உதவி பெரிது. கோடையில் உதிரும் வேலங்காய்களைப் பொறுக்கிச் சேர்த்தால் புல் காய்ந்த காலத்தில் சினையாடுகளுக்கு நல்ல தீனியாகும். பள்ளியை விட்டு நிறுத்தி ஆடு மேய்க்க அனுப்புவதற்கோ உயிர்வேலி உள்ள காட்டில் முகாந்தரமே இல்லை. ஆனால் 2024, 2025-ஆம் ஆண்டுகளில் இப்பக்கங்களில் தெருநாய்கள் பட்டிகளிற் புகுந்து ஆடுகளைக் கடித்துக் கொன்றதால், வேலியின் கீழ்ச்சந்துகளை அடைப்பதும், இரவில் குட்டிகளை வீட்டருகே அடைப்பதும் புதிய வேலைகளாய் வந்து சேர்ந்துள்ளன.

கிராம அலுவலர்கள் கவனிக்க வேண்டியவை சில உண்டு. முற்காலத்தில் மந்தை மந்தையாய் மாடுகளை மாய்த்த வெக்கை நோய் உலகினின்றே ஒழிந்ததாக 2011-இல் அறிவிக்கப்பட்டது. இடைவிடாத தடுப்பூசியின் பலன் அது. கோமாரி நோயையும் கருச்சிதைவு நோயையும் கட்டுப்படுத்த 2019-இல் தேசிய அளவில் திட்டமொன்று தொடங்கப்பட்டது. கோமாரிக்கு ஆண்டுக்கு இருமுறை ஊசி போட வேண்டும். கருச்சிதைவு நோய்க்கு 4 முதல் 8 மாத வயதுள்ள கிடாரிக் கன்றுகளுக்கு ஆயுளில் ஒருமுறை போட்டால் போதும். அவ்வயது தாண்டினால் வாய்ப்பும் தாண்டிவிடும். ஆதலின் ஊரிலுள்ள கிடாரிகளின் பிறந்த மாதத்தை ஒரு குறிப்பேட்டில் எழுதிவைப்பது உத்தமம். முகாம் நடக்கும் நாளைத் தேநீர்க் கடையில் மாத்திரம் சொல்லாமல், பால் ஊற்றுமிடத்தில் முந்திய மாலையிலேயே பெண்களுக்கும் அறிவிக்க வேண்டும். விடிந்தபின் அறிவித்தால் மாடுகள் கொறங்காட்டிற்குப் போயிருக்கும். பத்து ஏக்கர் முள்ளுக்குள் கன்றை விரட்டிப் பிடிக்க எவராலும் ஆகாது.