சிர்க்கோனியா

1789-ஆம் ஆண்டில் ஜெர்மானிய வேதியலறிஞர் கிளாப்ரோத், இலங்கையில் கிடைத்த சிர்க்கான் என்னும் மணிக்கல்லைப் பகுத்தாராய்ந்து, அதுவரை எவரும் அறியாத ஒரு பொருளைக் கண்டார். அதுவே சிர்க்கோனியா. சிர்க்கோனியமும் ஆக்ஸிஜனும் கூடியமைந்த வெண்ணிறப் பொருள் இது.

சிர்க்கோனிய அணு, தன் புறத்தேயுள்ள நான்கு எலெக்ட்ரான்களை இரண்டு ஆக்ஸிஜன் அணுக்களுக்கு ஈகின்றது. அவை ஆங்கு இறுகப் பிணிப்புண்டு கிடத்தலால், சாதாரண வெப்பநிலையில் இப்பொருள் மின்சாரத்தைக் கடத்துவதில்லை. இஃது உருகுவதற்கு ஏறத்தாழ 2700 பாகை சென்டிகிரேடு வெப்பம் வேண்டும்.

எனினும் இதற்கு ஒரு குறையுண்டு. சாதாரண நிலையில் ஒவ்வொரு சிர்க்கோனிய அணுவையும் ஏழு ஆக்ஸிஜன் அணுக்கள் சூழ்ந்திருக்கும். 1170 பாகையளவில் அவை எட்டாகும், படிகமும் செறிவுறும். ஆறும்பொழுது படிகம் பழைய அமைப்பை அடைந்து, பருமனில் நூற்றுக்கு நான்கைந்து பங்கு விரியும். அவ்விரிவினால் தூய சிர்க்கோனியாவாற் செய்த பாண்டம் வெடித்துவிடும்.

இக்குறையைப் போக்க அறிஞர்கள் சுட்ட சுண்ணாம்பு, இட்ரியா போன்ற ஆக்ஸைடுகளைக் கலந்தனர். இவற்றிலுள்ள உலோக அணுக்கள் நான்கினும் குறைந்த எலெக்ட்ரான்களையே ஈவதால், ஆங்காங்கே ஆக்ஸிஜன் இருக்கவேண்டிய இடம் வெறிதாய் நிற்கும். இவ்வெற்றிடங்கள், ஆறிய பின்னும் படிகம் அமைப்பு மாறாதிருக்கத் துணைசெய்கின்றன.

1975-இல் ஆஸ்திரேலியாவில் கார்வியும் அவர்தம் துணைவர்களும் ஒரு புதுமையைக் கண்டனர். அளவறிந்து கலந்த சிர்க்கோனியாவில் பிளவொன்று தோன்றினால், அதன் முனையிலுள்ள படிகங்கள் மட்டும் மாறி விரிந்து, பிளவு மேலும் பரவாது நெருக்கி நிறுத்துகின்றன. பாண்டத்தை உடைத்த விரிவே அதனைக் காக்கும் அரணாயிற்று. இன்று செயற்கைப் பற்களுக்கும் கூரிய கத்திகளுக்கும் சிர்க்கோனியா பயன்படுவது இவ்வுறுதியினாலேயே ஆகும்.